கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எழுதிய காகிதங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து அனுபவங்கள்

காவேரிப்பட்டணத்து அக்கா எழுதுகிறார்:

நான்கு ஆண்டுகள் ஆகியும் இது என் மனத்தை விட்டு அகலவில்லை. என் தம்பிக்கு ஓசூரில் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்ணைப் பேசி முடித்து, அவர்கள் வீட்டில் நிச்சயதாம்பூலத்துக்குக் கூடியிருந்தோம். தட்டு மாற்றும் நேரத்தில் அந்தப் பெண் உள்ளே சென்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்து, வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் சம்பளத்தில் கடன் கட்டிவரும் அடுக்குமாடி வீடு தன்னுடையதாகவே இருக்கும், தம்பி வாங்கியிருந்த டிராக்டர் கடன் தன்மேல் வராது, இருவரும் பிரிய நேர்ந்தால் ஒருவர் சொத்தை மற்றவர் கேட்கக்கூடாது என்பவைதான் அதில் இருந்தன.

அப்பா முதல் தாளைப் படித்தார், இரண்டாவதைத் திருப்பவில்லை. "தாலி ஏறுவதற்கு முன்பே அத்துவிடுவதற்குக் கணக்கா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறி எழுந்தார். தம்பி தலையைத் தூக்கவே இல்லை. அன்று என் கழுத்தில் கிடந்தது கவரிங் சங்கிலி. எனக்குப் போட்ட 18 பவுனும் என் கணவரின் வியாபாரத்துக்காக அடகுக் கடைக்குப் போய் மூழ்கிவிட்டது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். "அவள் கேட்பதில் தப்பில்லை அப்பா" என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

பாலக்கோடு விவசாயி எழுதுகிறார்:

அக்கா, உங்கள் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்பது கடினம் என்றே நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பொதுக் கொள்கைக்கு, அதாவது சமூகத்தின் பொது நலனுக்கு, எதிரான ஒப்பந்தம் செல்லாது என்று 23ஆம் பிரிவில் சொல்கிறது. பிரிவதை முன்கூட்டியே பேசி வைக்கும் திருமண ஒப்பந்தங்களையும் நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கின்றன. ஆகவே அந்தப் பெண் எழுதி வாங்கியிருந்தாலும் அதை நம்பி இருந்திருக்க முடியாது.

நம்பி ஏமாந்தவள் என் தங்கை. கல்யாணமாகி ஆறாவது ஆண்டில், பெரிய சண்டைக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி, மச்சான் இனிக் குடிக்கக் கூடாது, மீறினால் அரை ஏக்கர் மாந்தோப்பைத் தங்கை பெயருக்கு விட்டுவிட வேண்டும் என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். தங்கை அதற்கு லேமினேஷன் போட்டுக் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். இரண்டே ஆண்டில் மச்சான் மீறினார். அவள் அதை எடுத்துக்கொண்டு என்னுடன் ஒரு பத்திர எழுத்தரிடம் வந்தாள். அவர் வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதிவு செய்யாத காகிதத்தால் நிலம் கை மாறாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவள் ஒன்றும் பேசாமல், முந்தானையால் அந்தக் காகிதத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதுகிறார்:

பாலக்கோடு தம்பி சொன்னதில் பாதிதான் சரி. பிரிவதைப் பற்றி எழுதும் வரி வேறு, எந்தச் சொத்து யாருடையது என்று குறிக்கும் வரி வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஓர் இந்துப் பெண் தன் பணத்தில் வாங்கியது முழுக்க அவளுடையதே. ஆகவே வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பெண் புதிதாக எதையும் கேட்கவில்லை. சட்டத்தில் இருப்பதைத்தான் எழுதிக் காட்டினாள்.

நான் சில ஆண்டுகள் கோவாவில் வேலை பார்த்தேன். அங்கே 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசியர் காலச் சட்டத்தின் குடும்பப் பகுதி இன்றும் நடப்பில் உள்ளது. கல்யாணத்துக்கு முன் தனியாக எழுதிப் பதிவு செய்யாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது என்று ஆகிவிடும். என்னுடன் வேலை செய்தவர் தம் கல்யாணத்துக்கு முன் அப்படி எழுதிக் கையெழுத்திட்டபோது, இரு வீட்டாரும் பக்கத்திலேயே அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

நம் பக்கத்தில் பெண் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், கல்யாணத்தில் வந்த அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்கின்றன. பொருள் என்ன, உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை இரவெல்லாம் விழித்து எழுதுகிற நாம் இந்தப் பட்டியலை எழுதுவதே இல்லை. பெண்ணுக்குப் போட்ட நகை அவளுடைய சீதனம், கணவனுக்கு அதில் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதே 1985இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் போட்டதைக் காட்ட ஒரு தாளாவது வேண்டுமே. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி கல்யாணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். மனைவிக்கு நிலம் கொடுப்பதென்றால் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுங்கள். ஜீவனாம்சமே வேண்டாம் என்று பெண்ணிடம் எழுதி வாங்கினால் அது அவளைக் கட்டுப்படுத்தாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி எழுதியிருக்கிறோமே என்று பயந்து எந்தப் பெண்ணும் வழக்குப் போடாமல் இருந்துவிட வேண்டாம்.

மீண்டும் காவேரிப்பட்டணத்து அக்கா:

ஐயா, இதையெல்லாம் சொன்னதற்கு நன்றி. அன்று அந்தத் தாள் செல்லுமா செல்லாதா என்பது எனக்குத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டதும் அதனால் அல்ல. அப்பா வாசலுக்குப் போன பிறகு அந்தப் பெண் தாள்களைத் தட்டிலிருந்து எடுத்தாள். மூலையில் சந்தனம் ஒட்டியிருந்தது. அதை விரலால் துடைத்துவிட்டு நிமிர்ந்தவள், என் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எங்கள் பக்கத்திலிருந்து போயிருந்த பெண்களில் மூத்தவள் நான்தான்.