இலை பழுத்தால் முதலில் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்

தொட்டிப்பித்து

இலையுதிர்காலத்தில் பூக்கிற கிழங்குச் செடிகள் வைத்திருப்பவர்கள், இலை பழுத்து விழுந்தபோது என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். முட்டாள்தனத்தில் முதல் இடம் எனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என்னிடம் நெரைன் சார்னியென்சிஸ் ஒரே தொட்டியில் ஐந்து கிழங்குகள் இருந்தன. வெயில் பட்டால் தங்கப்பொடி தூவியதுபோல இதழ் மின்னும், அந்த வகை. முதல் வருடம் குளிர்காலம் முழுக்க இலை பச்சைப்பசேலென்று நின்றது. வசந்தம் முடியும்போது நுனியில் மஞ்சள் தட்டியது. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். மஞ்சள் இன்னும் இறங்கியது. சத்துக் குறைவோ என்று தழைச்சத்து உரம் போட்டேன். கோடை முழுக்க, இலையே இல்லாத தொட்டிக்கு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பூக்க வேண்டிய நேரத்தில் கிளறிப் பார்த்தால் மூன்று கிழங்குகள் விரல் பட்டதும் கூழாகப் போயின. அந்த நாற்றத்தைச் சொல்லி மாளாது.

இந்தச் செடிக்கு அது தூங்கும் காலம். நோயும் இல்லை, தாகமும் இல்லை. மரங்கள் இலையை உதிர்க்கும்போது இது பூக்கிறது. மரங்கள் தழைத்து நிற்கும்போது இது இலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறது. கோடையில் காய்ந்த மண்ணும் வெதுவெதுப்பும்தான் கேட்கிறது. நான் தூங்குகிறவன் வாயில் சோறு ஊட்டியிருக்கிறேன்.

இப்போது இலை மஞ்சளானால் தண்ணீர்க் குவளையைத் தொடுவதில்லை, கிழங்கின் கழுத்தை, அதாவது இலை கிளம்புகிற மேல்பக்கத்தை, தொடுகிறேன். நெரைன் கழுத்து மண்ணுக்கு மேலேதான் இருக்கும், அதனால் சுலபம். இரண்டு விரலால் அழுத்தினால் வெங்காயம் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். எல்லா இலையும் ஒன்றாக, நுனியிலிருந்து கீழாக, சில வாரங்கள் எடுத்துக்கொண்டு பழுத்தால் அது தூக்கம். அடியிலிருந்து மேலாகவோ, நடுவில் ஒரே ஒரு இலை மட்டுமோ பழுத்து, இழுத்ததும் வழவழவென்று கையோடு வந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

மண்வெட்டி

அக்கா, அந்தக் கழுத்துச் சோதனைதான் எனக்கும் கைகொடுத்தது, ஆனால் எனக்கு அழுகல் இல்லை, புழு. என்னிடம் இருந்தது அமரில்லிஸ் பெல்லடோனா. பட்டை பட்டையாக வந்துகொண்டிருந்த இலை, ஒரு வருடம் புல் மாதிரி ஒல்லியாக நாலைந்து கீற்று வந்ததோடு நின்றுவிட்டது. அதுவும் சீக்கிரமே பழுத்தது. கழுத்து பஞ்சுபோல அமுங்கியது. தோண்டிக் குறுக்கே வெட்டினேன். நடுவில் ஒரே ஒரு கொழுத்த புழு, சுற்றிலும் பழுப்பு நிறக் கழிவு. நார்சிசஸ் ஈ என்பார்கள். பார்க்க வண்டுத்தேனீ மாதிரியே இருக்கும், அதனால் அது சுற்றும்போது "ஆஹா, மகரந்தம் சேர்க்க வந்திருக்கிறது" என்று நானே ரசித்துக்கொண்டிருந்தேன்!

அது கோடைத் தொடக்கத்தில், வாடுகிற இலையின் அடியில் முட்டை வைக்கும். புழு கீழே இறங்கி, வேர் பிடிக்கிற அடித்தட்டு வழியாக உள்ளே போகும். இலை காய்ந்து விழுந்ததும் கழுத்தைச் சுற்றி மண்ணில் ஒரு குழி விழுமே, அதுதான் அதற்கு வாசல். இப்போது இலை போனதும் அந்தக் குழியை மூடி மண்ணைக் கையால் அழுத்திவிடுகிறேன். தொட்டியாக இருந்தால் மேலே மெல்லிய வலை. அமுங்குகிற கிழங்கைக் காப்பாற்ற நினைக்காமல் எடுத்து எறிந்துவிடுவேன். ஒன்று சொல்ல வேண்டும்: நெரைனும் சேர்ந்த இந்த அமரில்லிஸ் குடும்பத்துக் கிழங்குகளில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறை போடுங்கள், நாய் பூனை எட்டாத இடத்தில் போடுங்கள்.

கத்திரிக்கோல்

என் கதையில் பூச்சியும் இல்லை, அழுகலும் இல்லை, நான்தான் குற்றவாளி. என்னிடம் இருக்கிற கொல்ச்சிகம் என்ற கிழங்குச் செடி இலையில்லாமல் பூத்துவிட்டு வசந்தத்தில் பெரிய பெரிய இலை விடும். கோடை வரும்போது அது மஞ்சளாகித் தரையில் சாய்ந்து அலங்கோலமாகக் கிடக்கும். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பாதிப் பச்சையாக இருக்கும்போதே வெட்டிவிட்டேன். அடுத்த முறை பத்துக்கு இரண்டுதான் பூத்தது. அந்த இலைதானே அடுத்த பூவுக்குச் சமைத்துப் போடுகிறது! இப்போது முழுக்கக் காய்ந்து, தொட்டதும் தானாகக் கழன்று வரும்வரை கை வைப்பதில்லை. பின்னுவதும் இல்லை, முடிச்சுப் போட்டுக் கட்டுவதும் இல்லை. அசிங்கத்தை மறைக்க முன்னால் வேறு செடி நட்டுவிட்டேன்.

மழைக்குருவி

இலையில் சிவப்புத் தீற்றல் யாருக்காவது வந்ததா? எனக்கு நெரைனில் வந்தது. முதலில் புள்ளி, அப்புறம் நீளக்கோடு, அந்த இடத்தில் இலை வளைந்து மடிந்துவிடும். ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை. தெறிக்கிற தண்ணீரில் பரவுகிறது. நான் பூவாளியால் தலைக்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன். நோய் வந்த இலைகளை எடுத்துவிட்டு, தண்ணீரை மண்ணோடு ஊற்றி, தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்த பிறகு புது இலையில் வரவில்லை. இன்னொன்று, இலை அடியில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. கழுத்து இடுக்கில் ஒளிந்திருக்கும், விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தொட்டிப்பித்து

எல்லோருக்கும் நன்றி. மண்வெட்டி சொன்ன ஒல்லி இலை அடையாளம் எனக்குப் புதிது.

ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கிறேன்: எல்லாவற்றுக்கும் ஒரே காலண்டர் இல்லை. நெரைன் பவ்டெனிக்கு வசந்தத்தில் இலை வரும், பூக்கும் சமயத்தில்தான் வாடும். லைகோரிஸ் ரேடியேட்டா, அந்தச் சிவப்பு ஸ்பைடர் லில்லி, பூத்த பிறகு இலை விட்டுக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கும். ஸ்டெர்ன்பெர்கியா லூட்டியா பூவும் இலையும் சேர்ந்தே விடும். ஆக, வசந்தத்தில் மஞ்சளாகும் லைகோரிஸ் நலமாக இருக்கிறது, வசந்தத்தில் மஞ்சளாகும் பவ்டெனியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாமல் வாங்கியிருந்தால், ஒரு வருடம் இலை எப்போது வந்தது, எப்போது போனது என்று குறித்து வைத்தாலே பாதி பிடிபட்டுவிடும்.

மிச்சமிருந்த இரண்டு கிழங்குகளையும் மணல் தாராளமாகக் கலந்த மண்ணில், நெருக்கமான சின்னத் தொட்டியில் மாற்றினேன். மறு வருடம் கோபித்துக்கொண்டு பூக்கவே இல்லை. அதற்கடுத்த வருடம் பூத்தன. இப்போது கோடையில் தொட்டியைச் சாய்த்துவைத்து, "தூங்குகிறது, தண்ணீர் வேண்டாம்" என்று எழுதி ஒரு குச்சி நட்டிருக்கிறேன்.

கத்திரிக்கோல்

என் வீட்டிலும் அந்தக் குச்சி உண்டு. அம்மா அதைப் படித்துவிட்டு, "ஒரு டம்ளர்தானே" என்று ஊற்றிவிட்டுப் போகிறார்.