வேடமா, கோலமா? மோடத்தின் 'மோட்ஸ்விட்ச்'சுக்கு ஒரு தமிழ்ச்சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

லினக்ஸில் மோடங்களைக் கவனித்துக்கொள்ளும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருளின் உதவிப் பக்கங்களின் தமிழாக்கத்தில் மற்றதெல்லாம் ஓரளவு ஓடிவிட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது: 'மோட்ஸ்விட்ச்', அதாவது சாதனம் ஒரு 'மோட்'டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, முதலில் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருடம் முன்பு வீட்டுக்கு வீடு இருந்த யூஎஸ்பி டாங்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். சிம் போட்டுக் கணினியில் செருகினால் அது தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்ளாது. 'நான் ஒரு சிடி டிரைவ்' என்றுதான் சொல்லும். அந்தப் பொய் சிடிக்குள் விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகள் இருக்கும். தனியாக ஒரு குறுந்தகடு கொடுக்கும் செலவை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளர்கள் கண்ட வழி அது. நிறுவிய மென்பொருள் 'போதும், இனி மோடமாக வா' என்று ஒரு செய்தி அனுப்பும். சாதனம் யூஎஸ்பியிலிருந்து தானே துண்டித்துக்கொண்டு, சில நொடியில் வேறு அடையாள எண்ணோடு திரும்பி வரும்.

லினக்ஸில் அந்த நிறுவல் மென்பொருள் ஓடாது. லினக்ஸின் மையமான கெர்னலில், மோடத்தை ஓட்டும் இயக்கி (டிரைவர்) தயாராக இருக்கும், ஆனால் மோடம்தான் வந்து சேராது. (கெர்னல் என்றே எழுதுகிறேன், அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.) ஆகவே அந்தச் செய்தியை நாமே அனுப்ப ஒரு கருவி வேண்டியிருந்தது. அதுதான் 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்'. அனுப்பும் செய்தி பெரும்பாலும் 31 பைட்டு. சிடி டிரைவ்களும் பென் டிரைவ்களும் கேட்டுப் பழகிய அதே வடிவம்தான்: முதல் நான்கு பைட்டு யூ, எஸ், பி, சி என்ற நான்கு எழுத்துகள், பின்னால் கட்டளை. சில சாதனங்களுக்கு அதுகூட வேண்டாம், சிடியை வெளியே தள்ளும் 'எஜெக்ட்' கட்டளையே போதும். தள்ளுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையை, செய்தி போகும் முன் ஒரு தரமும் போன பின் ஒரு தரமும் ஓட்டுங்கள். ஹுவாவெய் டாங்கிள்கள் பலவற்றில் அடையாள எண்ணின் முன்பாதி, அதாவது நிறுவனத்தின் எண், அப்படியே இருக்கும். பின்பாதி 1446 என்றிருந்தது 1001 என்றாகும். உடனே 'ஆப்ஷன்' என்ற இயக்கி ஓடி வந்து மோடத்தோடு பேச மூன்று நான்கு தொடர் துறைகளை (சீரியல் போர்ட்) திறந்துவிடும். அந்த இயக்கியின் பெயர் 'விருப்பத்தேர்வு' இல்லை ஐயா. அது பெல்ஜியத்தில் இருந்த ஒரு மோடம் நிறுவனத்தின் பெயர். போன மாதம் அதை மொழிபெயர்த்த நண்பர் திருத்திக்கொள்ளவும்.

இனி பரிந்துரைகள்.

> 'பாங்கு மாற்றம்' என்று போட்டுவிடலாம். 'மோட்' என்றால் எல்லா இடத்திலும் பாங்குதானே?

சீராக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்த இடத்தில் அந்தச் சீர்மைதான் காலை வாருகிறது. மோடத்துக்கு வேறொரு 'மோட்' ஏற்கெனவே உண்டு: 2ஜி, 3ஜி, 4ஜி என்று எந்த வலையமைப்பில் நிற்க வேண்டும் என்பது. மோடம்மேனேஜர் அதையும் 'மோட்' என்றே சொல்கிறது. வரைவை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, செய்து பாருங்கள் என்றேன். 'பாங்கை மாற்றவும்' என்ற வரியைப் படித்துவிட்டு நேராக அமைப்புகளுக்குப் போய் 4ஜியை 3ஜி ஆக்கிவிட்டு, 'மாத்திட்டேன், ஒண்ணும் ஆகலையே' என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

> உருமாற்றம் எப்படி?

கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே கிருமிதான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும். புழு உருமாறிப் பட்டாம்பூச்சி ஆனால் திரும்பப் புழு ஆகாது. நம் டாங்கிள் ஒவ்வொரு தரம் பிடுங்கிச் செருகும்போதும் மறுபடி சிடியாகத்தான் வரும். அதனால்தான் சாதனம் செருகப்படுவதைக் கவனிக்கும் யூடெவ் என்ற லினக்ஸ் பகுதியில் விதி போட்டு, செருகும்போதெல்லாம் அந்தச் செய்தி தானாகப் போகும்படி வைத்திருக்கிறார்கள்.

> கூடுவிட்டுக் கூடு பாய்தல் இருக்க வேறென்ன வேண்டும்? சுருக்கமாகக் 'கூடுபாய்வு'.

மதுரை அண்ணனின் இந்தப் பரிந்துரையைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். சித்தர் மோடம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. கூடு பாய்வதில் உயிர் அதே, உடல் வேறு. இங்கே உடல் அதே, சொல்லிக்கொள்ளும் பெயர்தான் வேறு. வன்பொருளில் ஒரு திருகாணிகூட நகரவில்லை.

இப்போது என் பரிந்துரை: வேடம். இதை நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குத் தொலைபேசியில் டாங்கிள் வேலை செய்யவைத்துக்கொண்டிருந்தேன். திரையில் தெரிவதை அவன் எண் எண்ணாகப் படித்தான், பின்பாதி இன்னும் 1446. 'அது இன்னும் சிடி வேஷத்துலயே இருக்குடா' என்று வாயில் வந்துவிட்டது. அவன் மேற்கொண்டு ஒரு விளக்கமும் கேட்கவில்லை. அடுத்த தரம் அவனே, 'இப்ப வேஷம் கலைஞ்சிருச்சு, 1001னு காட்டுது' என்றான்.

அந்தக் 'கலைந்தது' அவன் கொடுத்தது. எனக்கு 'வேடமாற்றம்' என்றுதான் தோன்றியிருந்தது. அவன் சொன்னதே சரி. சிடி என்பது பொய் முகம், மோடம் என்பது உண்மை முகம். பொய் போய் உண்மை வருவதை 'மாற்றம்' என்பதைவிடக் 'கலைதல்' என்பதே பொருந்துகிறது. எங்கள் செய்யாறு பக்கம் தெருக்கூத்தில் வேஷம் 'கட்டுவார்கள்', விடிந்ததும் 'கலைப்பார்கள்'. யாரும் வேஷத்தை 'முடக்குவதும்' இல்லை, 'நீக்குவதும்' இல்லை. வினையும் கூடவே கிடைத்துவிடுகிறது. தானாக நடந்தால் 'வேடம் கலைந்தது', கருவி செய்தால் 'வேடத்தைக் கலைத்தது'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஸ்விட்ச்ட்'. பிழைச்செய்தி எழுதும்போது நமக்கு இந்த வேறுபாடு கை கொடுக்கும்.

> வேடம் என்றால் ஏமாற்று. பகல்வேடம், வேடதாரி என்றுதான் புழக்கம். ஆவணத்தில் சாதனத்தைத் திட்டுவதுபோல் இருக்காதா? 'கோலம்' என்று பாருங்கள். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். பெருமாள் ஒருவரே.

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்த மடல்தான் என்னை இரண்டு நாள் எழுதவிடாமல் செய்தது. கோலம் என்றால் வாசலில் போடுவது என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. ஆனால் மணக்கோலம், தவக்கோலம் என்று முன்னால் ஒரு சொல் வந்தால் யாரும் மாவைத் தேடுவதில்லை. நல்ல சொல்தான். இருந்தாலும் சிடி விஷயத்துக்கு அது பொருந்தவில்லை. ஏனென்றால் சிடி உண்மையிலேயே ஏமாற்றுதான். அதைத் திட்டினால் நான் வருத்தப்பட மாட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. நாம் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சிடி விவகாரம் ஒன்று. இன்னொன்று இப்போதைய மோடங்களில் வருவது. லினக்ஸில் ஓடும் கைபேசியான பைன்ஃபோனுக்குள் இருக்கும் குவெக்டெல் இஜி25-ஜி மோடத்தை எடுத்துக்கொள்வோம். அது ஃபோனுக்குள்ளேயே யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. போதாக்குறைக்கு அதற்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது. ஒரு ஏடி கட்டளையில் (மோடத்துக்கு நேராக இடும் கட்டளை) எண்ணை மாற்றினால் அது கணினியோடு பேசும் விதம் மாறும்: 0 என்றால் கியூஎம்ஐ, 1 ஈசிஎம், 2 எம்பிஐஎம், 3 ஆர்என்டிஐஎஸ். நான்கும் உண்மை, எதுவும் பொய் முகம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கெர்னலில் வேறு இயக்கி. கியூஎம்ஐக்கான இயக்கி 2012-இல் 3.4 பதிப்பில் வந்தது, எம்பிஐஎம்முக்கானது 2013-இல் 3.8 பதிப்பில். இதையும் 'மோட்' என்றுதான் சொல்கிறார்கள். இதற்குத்தான் கோலம். எம்பிஐஎம் கோலம், கியூஎம்ஐ கோலம். நின்றாலும் கிடந்தாலும் மோடம் மோடம்தான்.

இந்தப் பிரிப்பு பயனருக்கு மட்டுமல்ல, 'இயக்கியில் புது மோடத்தைச் சேர்ப்பது எப்படி' என்று நாம் எழுதத் தொடங்கியிருக்கும் வழிகாட்டிக்கும் வேண்டும். ஆப்ஷன் இயக்கியில் ஒரு மோடத்தைச் சேர்ப்பது பல நேரம் ஒரு சில வரி வேலைதான். ஆனால் அந்த வரிகள் கோலத்துக்கு ஒன்றாக வரும். டெலிட் எஃப்என்990 மோடத்துக்கு 1070, 1071, 1072, 1073 என்று வரிசையாக அடையாள எண்கள் இருப்பது அதனால்தான். ஒவ்வொரு கோலத்திலும் மோடம் காட்டும் இடைமுகங்களில் (இன்டர்ஃபேஸ்) எது ஏடி கட்டளைக்கு, எது பிழையாய்வுக்கு, எது வலையமைப்புக்கு என்று பார்த்து, வலையமைப்புக்கானதை ஆப்ஷன் தொடாமல் ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அது முந்திக்கொண்டு பிடித்துவிடும், கியூஎம்ஐ இயக்கிக்கு ஒன்றும் மிஞ்சாது. வேடத்துக்கோ இயக்கியில் வேலையே இல்லை. முன்பு சில மாதிரிகளுக்குக் கெர்னலே வேடத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது. புதியவற்றை வெளியில் இருக்கும் கருவியிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் பின்னால் வந்த நடைமுறை. ஆக, கோலம் இயக்கி எழுதுபவர் கவலை, வேடம் கருவி எழுதுபவர் கவலை. இரண்டையும் 'பாங்கு' என்று எழுதினால் வழிகாட்டியைப் படிப்பவர் எந்தக் கோப்பைத் திறப்பது என்றே குழம்புவார்.

ஒரு இடறல் உண்டு. ஹைலிங்க் வகை டாங்கிள்கள் தங்களை வலையட்டை என்று சொல்லிக்கொண்டு, உள்ளே ரௌட்டர் வேலை பார்க்கும். உலாவியில் 192.168.8.1 என்று போட்டால் அதன் பக்கம் வரும். மோடம்மேனேஜர் கண்ணுக்கு அங்கே மோடமே கிடையாது. இது வேடமா, கோலமா? என் கணக்கில் கோலம்தான். ரௌட்டர் என்று சொல்லிக்கொண்டு ரௌட்டர் வேலையை நிஜமாகவே செய்கிறது. சிடி என்று சொல்லிக்கொண்டது பாட்டுப் போடவில்லையே. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

மோடத்தை 'இணக்கி' என்று எழுத வேண்டும் என்ற மடலுக்குப் பதில் எழுதாமல் இருப்பது மரியாதைக் குறைவால் அல்ல. கடைக்காரர் முதல் கல்லூரி மாணவர் வரை மோடம் என்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரே வழி வரியில் போட்டுப் பார்ப்பதுதான். கோப்பில் இப்படி வைத்திருக்கிறேன்:

'சாதனம் இன்னும் சிடி வேடத்தில் உள்ளது.'
'வேடம் கலைந்தது. மோடம் கிடைத்தது.'
'வேடம் கலையவில்லை. பிடுங்கி மீண்டும் செருகவும்.'
'யூஎஸ்பி கோலம்: எம்பிஐஎம்'
'கோலத்தை மாற்றிய பின் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடவும்.'

கடைசி வரியில் 'மீள்தொடக்கவும்' என்றுதான் முதலில் எழுதினேன். எனக்கே நாக்கு சுளுக்கியதால் மாற்றிவிட்டேன்.

'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற கருவியின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். அது முனையத்தில் தட்டச்சிட வேண்டிய பெயர், தமிழில் போட்டால் கட்டளை ஓடாது.

ஞாயிறு இரவு வரை பார்க்கிறேன். வலுவான மறுப்பு வராவிட்டால் இரண்டு சொல்லையும் சொல்லடைவில் ஏற்றிவிடுவேன். அடுத்து 'பேரர்' காத்திருக்கிறது, மோடம் திறக்கும் தரவு வழிக்கு அவர்கள் வைத்த பெயர். 'தாங்கி' என்று ஏற்கெனவே ஒருவர் போட்டிருக்கிறார். பால் பேரிங்குக்கும் தமிழில் அதுதான் பெயர் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.