சீலிங்கில் நேரம் காட்டும் ரேடியோ அலாரம் கடிகாரம் நேரம் எடுக்கவில்லை, அவசரம்

பாலா_கும்பகோணம்
திங்கள், இரவு 9.12

வணக்கம். சீலிங்கில் நேரம் காட்டுகிற ரேடியோ கடிகாரம் ஒன்று வாங்கினேன். தானாகவே நேரம் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். எடுக்கவே இல்லை. கோபுரம் மாதிரி ஒரு குறி மின்னிக்கொண்டே இருக்கிறது. நேரம் தப்பு. அம்மா அறையில் வைத்திருக்கிறேன், அவருக்கு ரொம்பச் சிரமமாகிவிட்டது. ரீசெட் செய்து பார்த்தாயிற்று. வேறு என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மயிலை_வாசு
இரவு 9.31

பாலா, கும்பகோணத்தில் இருந்துகொண்டு அந்தக் கோபுரக் குறி நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கடிகாரங்கள் நீண்ட அலையில் வரும் நேரக் குறிப்பைக் கேட்பவை. ஜெர்மனியில் மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸ், இங்கிலாந்தில் ஆன்தார்னிலிருந்து 60, அமெரிக்காவில் கொலராடோவிலிருந்து 60, ஜப்பானில் 40, 60 இரண்டும் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு நிலையம் கிடையாது. ஜெர்மன் அலை நம்பகமாக எட்டுவது சுமார் 2000 கிலோமீட்டர் வரைக்கும்தான். என் தங்கை அங்கிருந்து கொண்டுவந்த கடிகாரத்தை மூன்று வருடமாக ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். கையால் நேரம் வைத்துவிடுங்கள். மாதம் ஒரு முறை சில நொடிகள் திருத்தினால் போதும்.

அலைநீளம் (மூத்த உறுப்பினர்)
இரவு 9.40

கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது. பதினோரு வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். எந்த மாடல், எந்த ஊர், ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம், ஒன்றையும் காணோம். "நேரம் தப்பு" என்றால் ஐந்து நிமிடமா, ஐந்து மணியா? கையேட்டைப் பொறுமையாகப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. எப்படியும் காரணம் கான்கிரீட் சுவர்தான். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அலையை வரவிடாது. நான் பார்த்தவரைக்கும் எப்போதும் அதுதான்.

தையல்நாயகி
இரவு 9.52

பாலா, சில விவரம் சொல்லுங்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? எத்தனை மணி வித்தியாசம் காட்டுகிறது? முன்பு ஒரு தடவையாவது தானாக நேரம் எடுத்ததா? பேட்டரியில் ஓடுகிறதா, அடாப்டரிலா? அடாப்டர் என்றால் அது கடிகாரத்தோடு வந்ததா?

லண்டன்_குமரன்
இரவு 10.05

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. இங்கே வாங்கிய கடிகாரத்தை பாரிஸில் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு மணி நேரம் குறைத்தே காட்டியது. 60-ல் கேட்கும் கடிகாரம் 77.5-ஐக் கேட்காது. நாடு மாறி வாங்கியிருப்பீர்கள், அதுதான் விஷயம்.

நெக்கார்க்கரை_அண்ணை
இரவு 10.18

தம்பி, முதலில் பற்றரியைப் பாருங்கோ. சார்ஜ் செய்யிற பற்றரி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கோ. அது 1.2 வோல்ட், மணிக்கூடு கேட்கிறது 1.5. என்னுடைய மணிக்கூடும் இப்படித்தான் கிடந்தது, புது அல்கலைன் போட்ட அன்று இரவே பிடித்துவிட்டது.

பாலா_கும்பகோணம்
இரவு 10.44

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஊர்தான் கும்பகோணம், இருப்பது ஸ்டுட்கார்ட்டில். அம்மா மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். ஞாயிறு அதிகாலை இங்கே கோடை நேரம் முடிந்தது இல்லையா, அதிலிருந்து கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதற்கு முன் நான் கையால் வைத்த நேரம்தான். தானாக ஒரு நாளும் எடுத்ததில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை காலை 5.30-க்கு, வெறும் வயிற்றில். கண்ணாடி போடாமல் சீலிங்கைப் பார்த்தே நேரம் தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினேன். இரண்டு நாளாக 4.30-க்கே எழுந்து, குளித்து, எங்களை எழுப்பக் கூடாது என்று விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

மாடல் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. கையேடு இல்லை. பேட்டரி புதிது, அல்கலைன்தான்.

அலைநீளம் (மூத்த உறுப்பினர்)
இரவு 10.58

இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மைன்ஃபிளிங்கன் 150 கிலோமீட்டர்கூட இல்லை, நேர் வடக்கே. தூரம் காரணமே அல்ல. கடிகாரத்துக்குள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான ஒரு தண்டில் கம்பி சுற்றிய ஆன்டெனா இருக்கும், பெரும்பாலும் இடவலமாகப் படுத்திருக்கும். தண்டின் முனை நிலையத்தை நோக்கி இருந்தால் ஒன்றும் கேட்காது, பக்கவாட்டு நோக்கினால் நன்றாகக் கேட்கும். ஆகவே உங்கள் கடிகாரத்தின் முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். இரும்புக் கட்டில், பீரோ பக்கம் வைக்காதீர்கள். வடக்கு ஜன்னல் ஓரம் ஓர் இரவு வையுங்கள். கான்கிரீட்தான் காரணம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

தையல்நாயகி
இரவு 11.03

அடாப்டர் பற்றிக் கேட்டிருந்தேன், அதற்குப் பதில் வரவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாலா_கும்பகோணம்
இரவு 11.10

அடாப்டரில்தான் ஓடுகிறது. பேட்டரியில் இருந்தால் தட்டினால் மட்டும் ஐந்து நொடி வெளிச்சம் வந்து அணைந்துவிடுகிறது, அம்மாவுக்கு அது சரிப்படாது. கடிகாரம் ஃப்ளோமார்க்ட்டில், பழைய சாமான் சந்தையில், 4 யூரோவுக்கு வாங்கியது, அடாப்டர் வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய ரூட்டர் அடாப்டரைப் போட்டேன், முனை கச்சிதமாகப் பொருந்தியது. கடிகாரத்தின் பின்புறம் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.

தையல்நாயகி
இரவு 11.14

பாலா, இப்போதே எழுந்து போய் அதைக் கழற்றுங்கள். மற்றதைக் காலையில் பேசலாம்.

முனை பொருந்தினால் போதாது. கடிகாரத்தின் பின்னால் பொடி எழுத்தில் எத்தனை வோல்ட் என்று இருக்கும். இந்த வகைக் கடிகாரங்கள் பெரும்பாலும் 4.5, 5 அல்லது 6 வோல்ட் கேட்பவை. ரூட்டர் அடாப்டர் 9 அல்லது 12 வோல்ட் தரும். வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும். மில்லிஆம்பியர் கடிகாரம் கேட்பதைவிட அடாப்டரில் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இன்னொன்று, வட்டத்துக்குள் புள்ளி போட்ட ஒரு படமும் பிளஸ் மைனஸும் இரண்டிலும் அச்சாகியிருக்கும். முனையின் நடுவில் பிளஸா மைனஸா என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வயதானவர் தலைமாட்டில், மெத்தை பக்கத்தில், இரவு முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை வைக்கவே கூடாது.

நேரம் எடுக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இந்தக் காலத்து அடாப்டர்கள் மின்சாரத்தைப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் வோல்ட்டைக் குறைக்கின்றன. அதில் எழும் இரைச்சல் 77.5 பக்கத்திலேயே விழும். நிலையம் ஒவ்வொரு நொடியும் அலையின் வலுவை ஒரு கணம் தாழ்த்தி உயர்த்துகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தால் சுழியம், பத்தில் இரண்டு பங்கு என்றால் ஒன்று, இந்தச் சுழியம் ஒன்றுகளால்தான் நேரத்தைச் சொல்கிறது. 59-ஆம் நொடியில் மட்டும் தாழ்த்தாமல் விட்டுவிடும். அதை வைத்துத்தான் அடுத்த நிமிடம் தொடங்குவதைக் கடிகாரம் அறிகிறது. ஒரு முழு நிமிடம் தடங்கலில்லாமல் கேட்டால்தான் நேரமும் தேதியும் முழுசாகக் கிடைக்கும். பக்கத்தில் அடாப்டர் இரைந்துகொண்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் வாய்க்கவே வாய்க்காது.

நெக்கார்க்கரை_அண்ணை
இரவு 11.26

தங்கச்சி சொல்லுறது சரி. பழைய பெட்டி டீவி இருந்த காலத்தில் அதைப் போட்டாலே என் மணிக்கூடு நேரத்தை விட்டுவிடும். அந்த டீவி படத்தை வரி வரியாக வரையிற அலை 15.625 கிலோஹெர்ட்ஸ், அதன் ஐந்து மடங்கு 78.125. எவ்வளவு கிட்டவாக வந்து இடிக்குது பாருங்கோ. அப்போதே ஒருவர் விளக்கிச் சொன்னார், இன்னும் மறக்கவில்லை.

இயற்கை_வழி
செவ்வாய், காலை 6.20

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். இதை அணுக் கடிகாரம் என்று சொல்லித்தானே விற்கிறார்கள்? கதிர்வீச்சு இருக்கும் பொருளை வயதான அம்மாவின் தலைமாட்டில் வைக்கலாமா? சாவி கொடுக்கிற கடிகாரமே மேல் என்பது என் எண்ணம்.

மயிலை_வாசு
காலை 6.55

அணு அந்தக் கடிகாரத்துக்குள் இல்லை. பிரவுன்ஷ்வைகில் இருக்கும் ஜெர்மன் அளவியல் நிறுவனத்தின் பொறுப்பில் சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களை வைத்து நேரம் அளக்கும் கடிகாரங்கள் ஓடுகின்றன, அவற்றின் நேரத்தைத்தான் நிலையம் ஒலிபரப்புகிறது. வீட்டுக் கடிகாரம் வெறும் காது. கேட்கும், பேசாது.

இயற்கை_வழி
காலை 7.10

அலை உடம்பில் படும் இல்லையா? கேட்பதாக இருந்தால் அலை வந்துதானே ஆக வேண்டும்?

அலைநீளம் (மூத்த உறுப்பினர்)
காலை 7.32

அந்த அலை நீங்கள் கடிகாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் வீட்டைக் கடந்துதான் போகிறது, 1959 முதல் போய்க்கொண்டிருக்கிறது. கடிகாரத்தைத் தூக்கிப்போட்டால் குறைந்துவிடாது. சீசியத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். 1967-லிருந்து ஒரு நொடி என்பதே சீசியம் அணுவின் 919,26,31,770 அலைவுகள்தான். இதில் சிதைவு கிடையாது, கதிரியக்கமும் கிடையாது. அடிப்படை இயற்பியல் தெரியாமல் பிறரைப் பயமுறுத்துவது தவறு.

இயற்கை_வழி
காலை 7.45

நான் யாரையும் பயமுறுத்தவில்லை. தெரியாததைக் கேட்டேன். கேட்பவரை இப்படிப் பேசினால் அடுத்து யார் கேட்பார்கள்?

லண்டன்_குமரன்
காலை 8.02

ஃபோன் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் முடிந்தது, அது தானே மாறிக்கொள்ளும். இதற்கு இவ்வளவு பாடா?

தையல்நாயகி
காலை 8.15

குமரன், என் மாமியாருக்கும் ஃபோன்தான் வைத்தோம். நடுராத்திரியில் கண்ணாடி தேடி, ஃபோனைத் தடவி, கீழே தள்ளி, அதை எடுக்கக் குனிந்து விழுந்தார். படுத்த நிலையிலேயே தலைக்கு மேல் பெரிய எழுத்தில் நேரம் தெரிவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலா யோசித்து வாங்கியது நல்ல பொருள்தான்.

இயற்கை_வழி, நீங்கள் கேட்டதில் தப்பில்லை. இந்தக் கடிகாரத்தில் கவனிக்க வேண்டியவை வேறு. வெளிச்சம் வரும் லென்ஸுக்குள் நேராகக் கண் வைத்துப் பார்க்கக் கூடாது, உள்ளே இருப்பது பிரகாசமான எல்இடி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பொத்தான் பேட்டரி இருக்கும் மூடி திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா பாருங்கள். அதை விழுங்கினால் தொண்டையைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நெக்கார்க்கரை_அண்ணை
காலை 9.05

நான் மணிக்கூடு என்று எழுதியதை ஒருவர் தனிச்செய்தியில் வந்து திருத்தியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் மணிக்கூடு என்றுதான் சொன்னார், நானும் அப்படித்தான் எழுதுவேன். நாகர்கோவில் பக்கம் மணிக்கூண்டையே மணிமேடை என்பார்கள். தமிழுக்குள் இரண்டு சொல் இருந்தால் நல்லதுதானே.

மயிலை_வாசு
காலை 9.20

எங்களுக்கு மணிக்கூண்டு என்றால் தெருவில் நிற்பது, வீட்டுக்குள் இருப்பது கடிகாரம். ஆனால் அண்ணன் எழுதியது எல்லோருக்கும் புரிந்தது. பாலா எங்கே?

பாலா_கும்பகோணம்
செவ்வாய், இரவு 8.40

வேலையில் இருந்தேன். இரவே கழற்றிவிட்டேன். கடிகாரம் கேட்பது 4.5 வோல்ட், ரூட்டர் அடாப்டர் 9 வோல்ட். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. இப்போது பேட்டரியில் சமையலறையின் வடக்கு ஜன்னலில் வைத்திருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. சீலிங்கில் எழுத்து அம்மாவுக்குத் தலைகீழாகத் தெரிகிறது. அப்புறம், ஜனவரியில் ஊருக்குப் போகும்போது இதை எடுத்துப்போக ஆசைப்படுகிறார், முடியுமா?

தையல்நாயகி
இரவு 8.58

இரவு வரைக்கும் பொறுங்கள். இருட்டியபின் அலை நன்றாக வரும், வீட்டில் இரைச்சலும் குறையும். பல கடிகாரங்கள் நள்ளிரவுக்குப் பின் தாமாகவே மறுபடி தேடும். நடுவில் பொத்தான் எதையும் அழுத்தாதீர்கள், தேடுவதை நிறுத்திவிடும். தலைகீழ் எழுத்துக்கு, வெளிச்சம் வரும் கையின் பக்கத்தில் 180 என்று ஒரு பொத்தான் இருக்கும். எழுத்து மங்கலாக இருந்தால் லென்ஸின் வளையத்தைத் திருப்புங்கள்.

மயிலை_வாசு
இரவு 9.10

கும்பகோணத்துக்குத் தாராளமாக எடுத்துப்போகலாம். முன்பு நான் சொன்னதுதான்: ரேடியோவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தினமும் இரவு வீணாகத் தேடிப் பேட்டரியைத் தின்னும். நேர மண்டலத்தில் தேடாதீர்கள், முழு மணியாகத்தான் மாற்ற முடியும், நம்முடைய அரை மணி அதில் இருக்காது. குளிர்காலத்தில் நாம் அங்கிருந்து நாலரை மணி நேரம் முன்னால், கையால் வைத்துவிடுங்கள். மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான். ஆனால் அந்த ஊர் பிளக்கின் கம்பி மெலிது, நம் சாக்கெட்டில் ஆடிக்கொண்டு நிற்கும், பொறி தட்டும். அங்கே போனதும் நம்மூர் பிளக்கோடு 4.5 வோல்ட் அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

பாலா_கும்பகோணம்
புதன், காலை 7.05

எடுத்துவிட்டது. கோபுரம் மின்னாமல் நிற்கிறது, நேரம் நொடி பிசகாமல் சரி. அம்மா 5.30-க்கு எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டார். சரியான அடாப்டர் சனிக்கிழமை வரும். எல்லோருக்கும் நன்றி, தையல்நாயகி அக்காவுக்கு அம்மா தனியாகச் சொல்லச் சொன்னார்.

அலைநீளம் (மூத்த உறுப்பினர்)
காலை 7.30

ஜன்னலில் வைத்ததும்தானே எடுத்தது. கான்கிரீட்டும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ஆனால் அடாப்டரை நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தையல்நாயகி
காலை 7.48

பாலா, புது அடாப்டர் வந்ததும் அம்மா அறையில் அதைப் போட்டு ஓர் இரவு பாருங்கள். கோபுரம் மறுபடி மின்ன ஆரம்பித்தால் அடாப்டரைக் கடிகாரத்திலிருந்து வயர் எட்டும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். முதல் ஒரு மணி நேரம் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கக் கூடாது. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

நெக்கார்க்கரை_அண்ணை
ஞாயிறு, மாலை 4.15

தம்பி, அடாப்டர் வந்துவிட்டதா?