ஓ, யூ, ஜி, ஹெச்: நான்கு எழுத்துகளுக்கு இத்தனை ஒலிகள் ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, இருமலைக் குறிக்கும் 'காஃப்' என்ற சொல்லைச் சரியாகவே வாசித்துவிட்டு, பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற சொல்லை 'டாஃப்' என்று வாசித்தாள். நான் திருத்தியதும், இரண்டு சொற்களிலும் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்துகள்தானே வரிசையாக நிற்கின்றன, பிறகு ஏன் ஒலி மாறுகிறது என்று கேட்டாள். ஆயினும் என்னும் பொருளுடைய 'தோ', ஊடாக என்னும் 'த்ரூ', கடினமான என்னும் 'டஃப்', கலப்பையைக் குறிக்கும் 'ப்ளவ்', எண்ணத்தைக் குறிக்கும் 'தாட்' என்று எழுதிப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. தமிழிலும் 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது என்றாலும், எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த ஆங்கிலச் சொற்களுக்கும் அப்படி ஏதேனும் உண்டா, அல்லது மனப்பாடம் ஒன்றுதான் வழியா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (பள்ளி ஆங்கில ஆசிரியர்)

தங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. பழைய ஆங்கிலத்தில், அடிநா மேலண்ணத்தை நெருங்கும்போது காற்று உரசிப் பிறக்கும் ஒலி ஒன்று இருந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் இரவைக் குறிக்கும் 'நாஹ்ட்', மகளைக் குறிக்கும் 'டோஹ்டர்' ஆகிய சொற்களின் நடுவில் அது இன்னும் கேட்கிறது. ஆங்கிலத்தின் 'நைட்', 'டாட்டர்' ஆகியவை அவற்றின் உடன்பிறப்புகளே. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியரின் ஆட்சிக்குப் பின் வந்த எழுத்தர்கள் இந்த ஒலியை ஜி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். ஆகவே இன்று ஊமையாக நிற்கும் அந்த இரண்டு எழுத்துகளும் ஒரு காலத்தில் வாய்விட்டு ஒலித்தவை.

பின்னர் அந்த ஒலி மெல்லத் தேய்ந்தது. ஆனால் எல்லா வட்டாரங்களிலும் ஒரே விதமாகத் தேயவில்லை. சில இடங்களில் அடியோடு மறைந்தது. வேறு சில இடங்களில், முன்னால் நின்ற உயிர் இதழ் குவித்து ஒலிக்கப்பட்டதால், தொண்டைப் பக்கம் பிறந்த ஒலி இதழுக்கு நகர்ந்து 'ஃப்' ஆயிற்று. 'டஃப்', கரடுமுரடான என்னும் 'ரஃப்', போதுமான என்னும் 'இனஃப்' ஆகியவை அவ்வாறு வந்தவை. பொது வழக்கான ஆங்கிலம் ஒரு சொல்லை ஒரு வட்டாரத்திலிருந்தும் மற்றொன்றை வேறொரு வட்டாரத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது. இதற்கிடையே 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்தார். அதன்பின் எழுத்துக்கூட்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்துபோக, நெடில் உயிர்கள் பல தலைமுறைகளாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை பழைய காலத்துடையது, காதில் விழும் வேற்றுமை பிற்காலத்துடையது.

கற்பிக்கும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். இந்த நான்கு எழுத்துகளுக்குப் பின் 'டி' வந்தால் ஏறக்குறைய எப்போதும் 'ஆட்' என்றே ஒலிக்கும்: வாங்கினான் என்னும் 'பாட்', கொண்டுவந்தான் என்னும் 'ப்ராட்', போரிட்டான் என்னும் 'ஃபாட்', தேடினான் என்னும் 'சாட்', மேலும் 'தாட்'. வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவ்ட்' மட்டுமே மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் விலக்கு. இப்படி ஒரு பெருங்கூட்டம் விதிக்குள் அடங்கிவிடுவதால், 'ஃப்' என்று முடியும் சில சொற்களைத் தனியே எழுதி வைத்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

பதில் 2 (தமிழாசிரியர்)

ஆசிரியர் கூறியதைப் படித்ததும் நம் மொழியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் நா முதல் அண்ணத்தைச் சேர்வதால் ககரம் பிறக்கிறது என்று நன்னூல் கூறுவதை நாம் அறிவோம். அந்த ககரமும் இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெலிந்து மறைவது உண்டு. மறையும்போது தான் விட்டுச்செல்லும் இடத்தை முன்னிருக்கும் குறிலை நெடிலாக்கி நிரப்பிவிடும். 'பகுதி' என்பது 'பாதி' ஆனதும், 'மிகுதி' என்பது 'மீதி' ஆனதும், 'அகப்பை' என்பது 'ஆப்பை' ஆனதும் இவ்வாறுதான். ஆங்கிலத்தில் 'நிஹ்ட்' என்று ஒலித்த இரவு, அந்த உரசொலியை இழந்தபோது 'நீட்' என்று நீண்டு, பின்னர் உயிர்களின் இடப்பெயர்ச்சியால் 'நைட்' ஆனது. குழந்தையிடம் 'மிகுதி, மீதி' என்ற இணையை முதலில் சொல்லிவிட்டு இதைச் சொன்னால், அயல் மொழியின் கோளாறாக இது தோன்றாது. நாம் மாறிய வடிவத்தை மாறியபடியே எழுதிக்கொண்டோம். அவர்கள் பழைய எழுத்தை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பதில் 3 (மெய்ப்புத் திருத்துநர்)

மேலே கூறப்பட்டவை சரியானவையே. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஜி, ஹெச் சேர்ந்து நிற்கும் இடமெல்லாம் மறைந்த ஒலியின் தடயம் என்று கொள்ளக் கூடாது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் அந்த உரசொலி ஒருபோதும் இருந்ததில்லை. வெளிச்சத்தைக் குறிக்கும் 'லைட்' என்ற சொல்லைப் பார்த்து யாரோ எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' என்ற சொல்லையும், இருமலோடு தொடர்புடையது என்று தவறாக எண்ணி, ஒலியை மாற்றாமலே இந்த நான்கு எழுத்துகளோடு எழுதும் வழக்கம் உண்டு.

எழுத்தைத் திருத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. கலப்பையைக் குறிக்கும் சொல்லை அமெரிக்கர்கள் ஜி, ஹெச் இன்றி எழுதுகிறார்கள். 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், 'தோ', 'த்ரூ' முதலிய 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டில் அச்சிடுமாறு அரசு அச்சகத்திற்கு ஆணையிட்டார். நாடாளுமன்றத்தின் எதிர்ப்பால் அந்த ஆணை அதே ஆண்டில் கைவிடப்பட்டது. பழகிய வடிவத்தின் மீது படித்தவர்களுக்கு இருக்கும் பற்று எளிதில் அசைவதில்லை என்றே கருதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 'மிகுதி, மீதி' என்பதைச் சொன்னவுடன் மகள் 'போகிறேன், போறேன்' என்று தானாகவே ஓர் எடுத்துக்காட்டைக் கூறினாள். 'டி' என முடியும் சொற்களை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: சேற்றுநிலத்தைக் குறிக்கும் சொல்லை அகராதி 'ஸ்லவ்' என்றும் 'ஸ்லஃப்' என்றும் காட்டுகிறது. எது சரி?

பதில் 1 (பள்ளி ஆங்கில ஆசிரியர்)

எழுத்து ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு சொற்கள். சேற்றுநிலம் என்றால் 'ஸ்லவ்'. அமெரிக்காவில் 'ஸ்லூ' என்றும் கூறுவார்கள். பாம்பு சட்டையை உரிப்பதைக் குறிக்கும்போது 'ஸ்லஃப்'. தங்கள் மகள் போதுமான அளவு பழகிய பிறகு, இங்கிலாந்தில் உள்ள 'லஃப்பரோ' என்ற ஊரின் பெயரை அவளிடம் எழுதிக் காட்டுங்கள். ஒரே பெயருக்குள் இந்த நான்கு எழுத்துகள் இரண்டு முறை வருகின்றன, இரண்டு முறையும் வெவ்வேறு விதமாக ஒலிக்கின்றன.