பிராக் நகரில் ஒன்றரை நாள்: வரிசை சரியா, சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் பிராக் போய்ச் சேர்ந்து, திங்கள் காலை கிளம்புகிறோம். கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி.

சிக்கல் கிழமைகளில்தான். யூத அருங்காட்சியகத்தின் ஜெபாலயங்களும் பழைய கல்லறையும் சனியன்று மூடல். பிராக் கோட்டைக்குள் இருக்கும் புனித விதுஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை. சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். மாலை 5 மணிக்கு மூடியும் விடுவார்கள். அதனால் ஞாயிறு காலை யோசெஃபோவ் (அந்த அருங்காட்சியகம் இருக்கும் பழைய யூதர் பகுதி), பிற்பகல் கோட்டை என்று வைத்திருக்கிறேன். கோட்டை வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசை இருக்கக்கூடும் என்பதால் இடைவெளி போதுமா என்று தெரியவில்லை.

கோட்டைக்குக் கீழே உள்ள மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறுவது அம்மாவால் ஆகாது. 22ஆம் எண் டிராமில் பிராஷ்ஸ்கீ ஹ்ராத் (பிராக் கோட்டை) நிறுத்தத்தில் இறங்குவதா, இன்னும் மேலே போஹோர்ஷெலெட்ஸ் வரை போய்ச் சரிவில் இறங்கி வருவதா? கருங்கல் பாவிய சரிவில் இறங்குவதுதான் முழங்காலுக்கு அதிக வேதனை. அந்த வழியில் நடந்தவர்கள் சொன்னால் நல்லது.

1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைத் திங்கள் விடியலுக்குத் தள்ளிவிட்டேன், பகலில் அங்கே நெரிசல்தான். 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் பொம்மை அணிவகுப்பு ஒரு நிமிடம்கூட ஓடாது, அதற்காகக் காத்திருக்கப்போவதில்லை.

டிராமுக்கான காகித டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்தாவிட்டால் அபராதம் என்பது தெரியும். யோசெஃபோவ் பக்கம் உட்கார்ந்து சாப்பிட நல்ல சைவ உணவகம் எது?