சிஸ்கால் முடிந்ததும் ஆர்சிஎக்ஸ் மாறிவிடுகிறது, ஏன்?

சிப்புட்_மாணவி:
அண்ணன்மாருக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன், பக்கத்தில் அசெம்பிளி தெரிந்தவர் யாரும் இல்லை. 64 பிட் லினக்ஸில் ஒரு வரியைப் பத்து தடவை அச்சிட ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) 10 போட்டு, சிஸ்கால் (கெர்னல் எனும் லினக்ஸின் மையப்பகுதியைக் கூப்பிடும் கட்டளை) வழியாக எழுதும் வேலையான ரைட்டைக் கூப்பிட்டு, கடைசியில் ஆர்சிஎக்ஸில் ஒன்றைக் குறைத்து, பூஜ்யமாகும்வரை திரும்பத் தாவும் லூப் கட்டளை வைத்தேன். நிற்கவே இல்லை. பிழை தேடும் கருவியான ஜிடிபியில் பார்த்தால் சிஸ்காலுக்குப் பிறகு ஆர்சிஎக்ஸில் ஹெக்ஸ் 401020 இருக்கிறது. ரெஜிஸ்டர்களை கெர்னல் பத்திரமாகத் திருப்பித் தரும் என்றுதானே படித்தேன்?

தண்டவாளம்:
தங்கச்சி, 401020 என்பது சிஸ்காலுக்கு அடுத்த கட்டளையின் முகவரி, சரிபார்த்துக்கொள். அதை எழுதியது கெர்னல் இல்லை, பிராசஸர். திரும்பி வரவேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸிலும் கொடிகளை (பிராசஸரின் நிலையைக் குறிக்கும் பிட்டுகள்) ஆர்11-இலும் போட்டுவிட்டுத்தான் கெர்னலுக்குள் தாவும், ஸ்டாக்கைத் (மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) தொடாது. லூப் ஒன்றைக் குறைத்தாலும் அடுத்த சுற்றில் அதே முகவரி வந்து உட்காரும், அப்புறம் எப்படி பூஜ்யமாகும்? எண்ணிக்கையை ஆர்பிஎக்ஸில் வைத்து டெக் (ஒன்றைக் குறை), ஜேஎன்இசட் (பூஜ்யமில்லையென்றால் தாவு) போடு.

செம்பனை_64:
சரியான பதில். உள்ளே நடப்பதையும் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சிஸ்கால், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பியை மாற்றாது, அதனால் கெர்னலின் முதல் வரி ஓடும்போதும் அது உன் புரோகிராமின் ஸ்டாக்கையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி கெர்னல் எதையும் எழுத முடியாது. ஆகவே, ஜிஎஸ்ஸை கெர்னலின் சொந்த இடத்தைக் காட்டவைக்கும் ஸ்வாப்ஜிஎஸ் கட்டளையைப் போட்டு, அந்த சிபியூவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் உன் ஆர்எஸ்பியைக் குறித்துக்கொண்டு, தன் ஸ்டாக்குக்கு மாறி, பிறகுதான் ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக அடுக்கும். 2018-இல் மெல்ட்டவுன் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு, பாதிப்புள்ள பிராசஸர்களில் பக்க அட்டவணையையும் (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்று காட்டுவது) நடுவில் மாற்றவேண்டியதாயிற்று.

அம்மா ரப்பர் பால் வெட்டப் போகுமுன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வெட்டு முடிந்து வந்து கூட்டிப்போவார். விட்ட பிள்ளையைத்தானே ஆயா திருப்பித் தரமுடியும்? ஆர்சிஎக்ஸும் ஆர்11-உம் வாசலுக்கு வருமுன்பே மாறிவிட்டன, பழைய மதிப்பு கெர்னலின் கைக்கு வரவே இல்லை. ஆர்ஏஎக்ஸ் மட்டும் வேறு கதை, அதில் உனக்கு விடை வருகிறது. சிஸ்காலுக்குத் தரும் நாலாவது வாதத்தை (ஆர்குமென்ட்) ஆர்சிஎக்ஸுக்குப் பதில் ஆர்10-இல் தரச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

தண்டவாளம்:
ஒன்று சேர்க்கிறேன். எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள் (தசம எண் கணக்கு போன்றவற்றுக்கானவை) அந்த அடுக்கில் கிடையாது. கெர்னல் சாதாரணமாக அவற்றைத் தொடாது, அதனால் ஒவ்வொரு தடவையும் சேமிக்கும் செலவு மிச்சம். வேறு த்ரெட்டுக்கு (தனியாக ஓடும் இன்னொரு வேலை) மாறும்போதுதான் அவற்றைப் பற்றிக் கவலை.

சிப்புட்_மாணவி:
ஆர்பிஎக்ஸுக்கு மாற்றினேன், சரியாகப் பத்து வரி! நன்றி அண்ணே. ஜிடிபியில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்திப் பார்த்தபோது முதல் சுற்றில் ஆர்11-இல் ஹெக்ஸ் 302 வந்தது. அதுதான் கொடிகளா?

செம்பனை_64:
ஆமாம்மா. அதில் உள்ள ஹெக்ஸ் 100 டிராப் கொடி (ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் நிறுத்தச் சொல்வது), உன்னை ஒவ்வொரு கட்டளையாக நடத்த ஜிடிபி கேட்டு வைத்தது. ஜிடிபி இல்லாமல் ஓடவிட்டால் அது இருக்காது, 202 என்றுதான் வரும்.