அப்பாவைக் கேட்டு வந்த அழைப்பு

திருநெல்வேலி, கம்பஸ் இறுதி வருடம்

போன வருடம் இன்டர்ன்ஷிப்புக்கு அலைந்த நேரம். ஒருநாள் காலை கொழும்பு இலக்கமொன்றிலிருந்து போன் வந்தது. ஒரு பெண், ஆங்கிலத்தில், அப்பாவின் பெயரைச் சொல்லி அவருடன் கதைக்கலாமா என்று கேட்டார். அப்பா எங்கே எந்தப் படிவம் நிரப்பினாலும் என் இலக்கத்தைத்தான் கொடுப்பார். லீசிங்காரர் என்று நினைத்து, அவர் தோட்டத்தில் நிற்கிறார், பின்னேரம் எடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கிணற்றடியில் குளிக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. அவர் கேட்டது என்னை.

வேலை தேடுவோர் தங்களைப் பற்றிப் போட்டுவைக்கும் லிங்க்ட்இன் தளத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். நாங்கள் எழுதும் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கும் என் பெயரைப் பின்னுக்கும் போட்டிருந்தேன். சீவியிலும் அப்படியே. முதற்பெட்டியில் இருப்பவர்தான் ஆள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதில் பிழையில்லை. திருப்பி எடுத்துக் கேட்டேன், இடம் நிரம்பிவிட்டதாம்.

அன்றிரவு என் பெயரை நானே கூகுளில் தேடிப்பார்த்தேன். முதலில் வந்தவர் கனடாவில் வீடு விற்பவர், கோட் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்தது ஒரு மரண அறிவித்தல். நான் எங்குமே இல்லை. எப்படி வருவேன்? அடையாள அட்டையில் என் பெயர் கே எழுத்தில் தொடங்குகிறது. மின்னஞ்சலில் ஸ்டைலுக்காக ஜீ. கணினி நிரல்களை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளத்தில், ஓ.எல் படிக்கும்போது கேமுக்கு வைத்த பட்டப்பெயர், வாலில் 007. ஒரே ஆள் மூன்று பேராகத் திரிந்திருக்கிறேன்.

அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்துக்கும் எடுத்தேன். அது வடிவு என்பதற்காக இல்லை. பட்டச் சான்றிதழும் கடவுச்சீட்டும் ஒரு மாதிரி, இணையத்தில் வேறு மாதிரி என்றால், பிறகு சத்தியக்கடதாசி முடிக்க ஓட என்னால் ஏலாது. லிங்க்ட்இன் தானாகத் தரும் முகவரியின் கடைசியில் எண்ணும் எழுத்துமாக ஒரு குப்பை இருக்கும். அதை வெட்டிவிட்டுப் பெயரை மட்டும் வைக்கலாம், காசு கேட்பதில்லை. பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து இடம் உண்டு. நான் 'மாணவன்' என்ற ஒற்றைச் சொல்லோடு இரண்டு வருடம் இருந்தேன். இப்போது என்ன படிக்கிறேன், என்ன செய்யத் தெரியும், எந்த மாதத்திலிருந்து வரலாம் என்று மூன்றும் இருக்கிறது. படம் மட்டும் இன்னும் பாஸ்போட் படம்தான். நல்லூர்த் தேருக்கு எடுத்ததைப் போடலாம் என்றால் தோளில் யாருடைய கையோ கிடக்கிறது.

இதைப் பேர்சனல் பிராண்ட் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் சவர்க்காரம் விற்கிற மாதிரி இருக்கிறது. வீட்டில் 'பெயரெடுக்கிறது' என்பார்கள், அது போதும். உங்களில் வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

கிளிநொச்சி, பொறியியல் மூன்றாம் வருடம்

அண்ணா, என் கதையும் பெயர்தான். இரண்டாம் வருடத்தில் நான்கு பேர் சேர்ந்து செய்த ஒரு வேலை. நிரலில் பெரும்பங்கு நான் எழுதியது. (மற்ற மூவரும் ஒத்துக்கொள்வார்கள்.) கிட்ஹப்பில் ஏற்றி, இணைப்பைச் சீவியிலும் போட்டேன். நேர்முகத்தில் ஒரு பொறியியலாளர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். நிரலில் எந்த மாற்றத்தை யார் பதிந்தார் என்று காட்டும் கொமிட் வரலாற்றில் என் பெயர் இரண்டே இடத்தில். மற்றதெல்லாம் எங்கள் சீனியர் ஒருவரின் பெயரில். "இதிலை நீர் செய்தது எது?"

நடந்தது இதுதான். லாப் கணினியில் எனக்கு முன் இருந்தவர், அந்த மாற்றங்களைப் பதியும் கிட் மென்பொருளில் தன் பெயரையும் மின்னஞ்சலையும் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். கொமிட் யாருடையது என்று கிட்ஹப் முடிவுசெய்வது அந்த மின்னஞ்சலை வைத்துத்தான். யாருடைய கணக்கிலிருந்து ஏற்றினோம் என்பது கணக்கில் இல்லை. இதை விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. கடைசியில் அவர் ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகக் கேட்டார், சொன்னேன், என்னை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சேர்ட் முழுக்க நனைந்துவிட்டது. இப்போது எந்தக் கணினியில் இருந்தாலும் முதல் வேலை கிட் கொன்ஃபிக் என்ற கட்டளையை அடித்து, யாருடைய பெயர் பதிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான்.

கொக்குவில், இப்போது வேலையில்

உங்களுக்குப் பெயரில் சண்டை, எனக்குப் படத்தில். "பொம்பிளைப்பிள்ளையின்ரை படத்தை உலகத்துக்குக் காட்டிக்கொண்டு என்ன வேலை?" என்றார் அம்மா. அந்தப் பயம் வெறும் பயம் என்று சொல்லமாட்டேன். படம் போட்ட கிழமையே, வேலைக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லாத மூன்று பேர் "ஹாய் டியர்" அனுப்பினார்கள். படத்தை யார் யார் பார்க்கலாம் என்று அமைப்பில் மாற்றலாம். தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்தேன், அம்மாவும் சமாதானமானார்.

வேலை வந்தது படத்தால் அல்ல. ஆய்வுக்காக வலிகாமத்தில் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளந்துகொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் நிலம், போடும் உரம் மழையோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. முதலில் எடுத்த மாதிரிகளை வெயிலில் வைத்துப் பழுதாக்கிவிட்டேன். அதை மறைக்காமல் அப்படியே எழுதிப் போட்டேன். எப்படிப் பழுதானது, திரும்ப எப்படி எடுத்தேன், ஓர் ஐயா "பரம்பரையாக் குடிக்கிற தண்ணி பிள்ளை, இதை என்ன சோதிக்கிறது" என்று போத்தலை நிரப்ப விடாதது எல்லாம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் எழுதியதற்குச் சொந்தக்காரர் எல்லாரும் விருப்பம் போட்டார்கள், சித்தி மட்டும் இரண்டு கணக்கிலிருந்து. ஆங்கிலத்தில் எழுதியதைக் கவனித்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் நீர் ஆய்வுகூடம் நடத்துபவர். மாதிரிகளைப் பிறகு எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள் என்று கேட்டு எழுதினார். கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

'பெருமையுடன் அறிவிக்கிறேன்' என்று பதினொரு சான்றிதழ்ப் படங்களும் போட்டிருந்தேன். அவற்றைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

திருநெல்வேலி

அக்கா, சித்தி கதைக்கு இன்னும் சிரிக்கிறேன். நான் சொல்ல மறந்த ஒன்று: பெயரைத் திருத்தி மாதக்கணக்கு ஆகியும், பழைய சீவியை யாரோ சேமித்து வைத்திருக்கிறார்கள் போல. அப்பாவின் பெயருக்கு "உங்கள் திறமைக்குப் பொருத்தமான ஜாவா வேலை" என்று இன்னும் மின்னஞ்சல் வருகிறது. போன கிழமை ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சம்பளம் எவ்வளவாம் என்று கேட்டார்.